யாருக்குச் சாமி வந்தது?

போன மாதம் ஒரு பதிப்பகத்துக்காகப் பயண நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் ஆங்கிலேயர். ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன விடுதியில் தன் அத்தையோடு தங்குகிறார். காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்காரம்மா தன் கையால் செய்த ஆரஞ்சு மார்மலேடை மேசையில் கொண்டுவந்து வைக்கிறார். அத்தை அதை ரொட்டியில் தடவி ஒரு கடி கடிக்கிறார். அடுத்து அவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆசிரியர் போட்டிருந்த சொல் 'ராப்சடி'. அதுவும் பன்மையில்.

நான் யோசிக்கவே இல்லை. அகராதியைக்கூடத் திறக்கவில்லை. "மார்மலேடைச் சுவைத்த அத்தை பரவசத்தில் ஆழ்ந்தார்" என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய பக்கம் இன்னும் ஆறு இருந்தது.

பதிப்பாசிரியர் அக்கா பொதுவாக என் பிரதியில் அதிகம் கை வைக்க மாட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த கோப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: "யாருக்குப்பா சாமி வந்துச்சு?"

முதலில் சிரித்தேன். அப்புறம் அவர் சொன்னதிலுள்ள நியாயம் உறைத்தது. பரவசம் என்றால் தன் வசத்தில் இல்லாமல் பிறர் வசமாகிவிடுவது. கோவில் கொடையில் உடுக்கை அடிக்கும்போது ஒருத்தி தலைமுடி அவிழ ஆடுகிறாளே, அது பரவசம். ஒரு துண்டு ரொட்டிக்கு ஸ்காட்லாந்து விடுதியில் ஓர் ஆங்கிலேய அத்தைக்கு அது வராது. வந்தால் விடுதிக்காரம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்.

ஆக, அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, தெரிந்திருக்கவில்லை.

ஆங்கிலத்தில் மகிழ்ச்சி எல்லை மீறிப் போவதைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. எக்ஸ்டசி என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. தனக்கு வெளியே போய் நிற்பது. ராப்ச்சர் லத்தீன், ஏதோ ஒன்று ஆளைப் பிடுங்கிக்கொண்டு போவது. இரை பிடிக்கும் பறவைகளுக்கு ராப்டர் என்று பெயர் வைத்திருப்பதும் அதே வேரிலிருந்துதான். இந்த இரண்டும் ஆளுக்கு உள்ளே நடப்பவை. வாயே திறக்காமல் ஒருவர் எக்ஸ்டசியில் இருக்கலாம். ராப்சடிக்கு வாய் வேண்டும். உணர்ச்சி உச்சத்துக்குப் போவது மட்டும் போதாது, அதைப் பேசித் தீர்க்க வேண்டும், நீளமாக, மேலே மேலே போய்க்கொண்டே, நிறுத்தாமல். கேட்பவருக்குப் பாதியில் லேசாகக் கொட்டாவி வர வேண்டும். அந்தக் கொட்டாவியும் சொல்லின் பொருளில் சேர்த்தி.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் புழங்குகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றித்தான் சொல்கிறார்கள். தன்னைப் பற்றி யாராவது 'நான் ராப்சடிகளில் இறங்கிவிட்டேன்' என்று சொன்னால் அதில் ஒரு கூச்சமும் மன்னிப்பும் இருக்கும். ஒயின் விமர்சகர் ஒரு புட்டியைப் பற்றி, மாப்பிள்ளை புது மின்சாரக் காரைப் பற்றி, வீடு வாங்கியவர் தன் பால்கனி வெளிச்சத்தைப் பற்றி ராப்சடைஸ் செய்வார். புகழ்கிற பொருள் நல்லதாகவே இருக்கலாம். புகழ்ச்சியின் அளவுதான் கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்கிறவர் அந்தத் தூக்கலைப் பார்த்து உதட்டோரம் சிரிக்கிறார். நான் போட்ட பரவசத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் போய்விட்டது.

இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு வழக்கும் இருக்கிறது: 'வாக்ஸ் ராப்சாடிக்'. கல்லூரி நாளில் இந்த வாக்ஸை மெழுகு என்றே நினைத்திருந்தேன். உணர்ச்சியில் மெழுகாய் உருகுகிறார் என்று மனசுக்குள் அழகான படம் ஒன்றைப் போட்டும் வைத்திருந்தேன். தமிழ் மனத்துக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள், உருகாத அடியார் உண்டா! ஆனால் மெழுகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த வாக்ஸ் பழைய ஆங்கில வினைச்சொல், வளர்வது என்று பொருள். இன்றைக்கு அது முக்கியமாக மிஞ்சியிருப்பது நிலாவிடம். வளர்பிறை நிலாவை ஆங்கிலத்தில் அந்த வினையால்தான் சொல்வார்கள். ஒருவர் பேசப் பேச ராப்சடி வளர்பிறையாகிறது. தேய்பிறை எப்போது வரும் என்று நாம் காத்திருக்கிறோம்.

எங்கள் ஊர் திருப்பூர். அம்மா இருபத்தைந்து வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்தவர். துணிக்கடைக்குப் போனால் சட்டையை முன்பக்கம் பார்க்கவே மாட்டார். எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். ஓரத்தில் விரலை ஓட்டுவார், பிசிறு வெட்டியிருக்கிறார்களா, தையல் எங்கே ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கடைக்காரப் பையன் டிசைனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான், அது அவர் காதில் ஏறாது. சிறுவயதில் எனக்கு அவமானமாக இருக்கும். இப்போது சந்தேகமான சொல் வந்தால் நானும் அதைத்தான் செய்கிறேன்.

ராப்சடியை உள்பக்கம் திருப்பினால் முதலில் தெரிவது தையல். உவமைக்காகச் சொல்லவில்லை, நேர்ப்பொருளே அதுதான். கிரேக்கத்தில் ராப்டெய்ன் என்றால் தைப்பது. ஓடே என்றால் பாட்டு. இந்த ஓடேதான் மெலடியிலும் பரடியிலும் காமெடியிலும் டிராஜடியிலும் வால்பகுதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராப்சோடோஸ் என்றால் பாட்டைத் தைக்கிறவர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஆருக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் ஓர் எச் உட்கார்ந்திருக்கிறதே, அதுகூடக் கிரேக்கத்திலிருந்து வந்ததன் அடையாளம்தான். ரிதம், ரெட்டரிக், ரைனாசெரஸ் எல்லாவற்றிலும் அதே எச். ராப் பாட்டுக்கு அந்த எச் கிடையாது, உறவும் கிடையாது.

இந்தத் தையல் எங்கள் வீட்டு பீரோவிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹெர்னியோராஃபி' என்று எழுதியிருந்தார்கள். அந்த ராஃபி அதே ராப்டெய்ன்தான். மருத்துவத்தில் எதன் பெயருக்குப் பின்னால் ராஃபி வந்தாலும் அதைத் தைத்தார்கள் என்று பொருள். தசைநாரைத் தைத்தால் டெனோராஃபி. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங் கண்ணு, கையில தைச்சாங்களா, மெஷின்லயா?" கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு தழும்பை வெகுநேரம் பார்த்தார். "பரவால்ல, ஒண்ணுக்கொண்ணு எடம் சரியா விட்ருக்காங்க" என்று மருத்துவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

சரி, பாட்டைத் தைத்தவர்களிடம் போவோம்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பொதுக்காலத்துக்கு முன் 490–480 வாக்கில் ஏதென்ஸில் செய்த ஒரு மண்ஜாடி இருக்கிறது. அதில் ஒருவர் மேடைமேல் நிற்கிறார். தாடி, போர்வை, முன்னால் நீட்டிப் பிடித்த கோணல் கைத்தடி. திறந்த வாயிலிருந்து எழுத்துகள் வரிசையாக வெளியே வருகின்றன, காமிக்ஸ் படத்தில் பேச்சுக்குமிழி வருவதைப்போல. 'முன்னொரு காலத்தில் டிரின்ஸ் நகரில்' என்று ஏதோ கதையின் ஆரம்பம். இவர்தான் ராப்சோடோஸ். கையில் யாழ் கிடையாது. தடியும் குரலும்தான். இந்தத் தடியைப் பார்த்து, தடி என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இவர்கள் பெயரே வந்தது என்று பழங்காலத்திலேயே சிலர் சொன்னார்கள். ஆனால் கவிஞர் பிண்டார் ஒரு பாட்டின் தொடக்கத்தில் ஹோமரின் வழிவந்தவர்களைத் 'தைத்த சொற்களின் பாடகர்கள்' என்றே சொல்லிவிட்டார். வழக்கு அதோடு முடிந்தது என்பது என் கட்சி.

இவர்களின் தொழில் ஹோமரின் காவியங்களை மனப்பாடமாக மக்கள் முன்னால் சொல்வது. இலியட் மட்டும் பதினையாயிரத்துச் சொச்சம் அடி. ஏதென்ஸின் பனதெனயா திருவிழாவில் அதற்குப் போட்டியே நடந்தது. அங்கே ஒரு விதி: ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுக்க வேண்டும். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்த, கைதட்டு வாங்கும் காட்சிக்குத் தாவக் கூடாது. பொதுக்காலத்துக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஹிப்பார்கஸ் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததாகப் பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ஒரு நூல் சொல்கிறது. ஆக ஒரு துண்டின் ஓரத்தோடு அடுத்த துண்டின் ஓரம் பொருந்த வேண்டும். இன்றைக்கும் கிரேக்கத்தில் இலியட், ஒடிசியின் இருபத்து நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ராப்சோடியா என்றுதான் பெயர். நமக்குப் படலம், அவர்களுக்கு ராப்சடி.

இந்தத் தொழில்காரர்களில் நமக்கு நெருக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் ஒருவர் அயோன். எபேசஸ் ஊர்க்காரர். பிளேட்டோ எழுதிய ஒரு சின்ன உரையாடலில் சாக்ரடீஸிடம் வந்து மாட்டிக்கொள்கிறார். எபிடாரஸ் விழாவில் முதல் பரிசு வாங்கிய கையோடு ஏதென்ஸ் வந்திருக்கிறார், உற்சாகத்தில் இருக்கிறார். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, எப்போதும் நல்ல உடை உடுத்தலாம், பெரிய கவிஞர்களோடேயே பொழுது போகிறது என்று சாக்ரடீஸ் ஆரம்பிக்கிறார். அவர் இப்படி ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஓடிவிட வேண்டும். அயோன் ஓடவில்லை. ஹோமரைப் பற்றி என்னைப்போலப் பேச உலகில் ஆள் இல்லை என்கிறார். மற்ற கவிஞர்களைப் பற்றி? அவர்கள் பேச்சு வந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், ஹோமர் என்றால் உடனே விழித்துக்கொள்வேன் என்கிறார்.

அங்கேதான் சாக்ரடீஸ் காந்தக்கல்லை எடுக்கிறார். அந்தக் கல் ஓர் இரும்பு வளையத்தை இழுக்கிறது. இழுபட்ட வளையம் அடுத்த வளையத்தை இழுக்கிறது. இப்படியே ஒரு சங்கிலி தொங்குகிறது, ஆனால் சக்தி முழுவதும் கல்லுக்கே உரியது. கலைத்தேவி கல். கவிஞர் முதல் வளையம். அயோன் நடு வளையம். கேட்கிற கூட்டம் கடைசி வளையம். உனக்கு இருப்பது திறமை இல்லையப்பா, உன்மேல் தெய்வம் இறங்கியிருக்கிறது என்கிறார் சாக்ரடீஸ். பதிப்பாசிரியர் அக்கா கேட்ட அதே விஷயம். இரண்டாயிரத்து நானூறு வருடம் முன்பே ராப்சடிக்காரர்மேல் சாமி வந்திருக்கிறது.

அயோனும் முதலில் ஒத்துக்கொள்கிறார். சோகமான இடத்தைச் சொன்னால் என் கண் நிறைந்துவிடும், பயங்கரமான இடம் வந்தால் மயிர்க்கூச்செறியும், நெஞ்சு படபடக்கும் என்கிறார். உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டத்துக்கும் அப்படி ஆகுமா என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அதற்கு அயோன் சொல்லும் பதில்தான் எனக்கு அந்த நூலிலேயே பிடித்த இடம். நன்றாகவே தெரியும், மேடையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், அவர்களை உற்றுக் கவனித்தே ஆக வேண்டும், அவர்கள் அழுதால் எனக்குக் காசு, நான் சிரிக்கலாம், அவர்கள் சிரித்துவிட்டால் காசு போச்சு, நான்தான் அழ வேண்டும் என்கிறார்.

சாமியாடியின் ஒரு கண் உண்டியல்மேல் இருக்கிறது. அதற்காக அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அழுதுகொண்டே அளந்துகொண்டும் இருக்கலாம். தன்னை மறந்த பேச்சு என்ற பொருளுக்கு இந்தச் சொல் வந்து சேர்வதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, தன்னை மறக்காமல் தன்னை மறப்பது எப்படி என்று அந்தத் தொழிலுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அயோன், காவியத்திலுள்ள போர்க்கலையெல்லாம் அத்துப்படி, கிரேக்கத்தின் தலைசிறந்த தளபதியும் நானே என்று சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறார். அதை விடுவோம்.

தையல் என்பது வெறும் பெயர் இல்லை, காவியமே அப்படித்தான் உருவானது என்று காட்டியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். ஹோமரின் அடிகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். இலியட்டின் நாயகன் அக்கிலீஸ் பெயருக்கு முன் அடைமொழி மாறிக்கொண்டே இருக்கிறது: ஓரிடத்தில் தெய்வீக அக்கிலீஸ், இன்னோரிடத்தில் விரைந்த காலுடைய அக்கிலீஸ், வேறோரிடத்தில் இரண்டும் சேர்ந்த நீளமான அடைமொழி. அந்த நேரத்தில் அவன் ஓடுகிறானா உட்கார்ந்திருக்கிறானா என்பதற்கும் அடைமொழிக்கும் பொருத்தமில்லை. அடியில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதோ அந்த அளவுக்கு வெட்டி வைத்த துண்டு வந்து உட்காருகிறது. சின்ன இடத்துக்குச் சின்னத் துண்டு. கட்டிங் மேசையில் அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. 1933லிருந்து 1935 வரை பாரி அன்றைய யுகோஸ்லாவியாவுக்குப் போய், ஒற்றைத் தந்தி வாத்தியத்தோடு காவியம் பாடும் கிராமத்துப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத அவ்டோ மெஜெடோவிச் என்பவர் சொல்லச் சொல்ல எழுதியெடுத்த ஒரு பாட்டு மட்டும் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல், ஏறத்தாழ ஒடிசியின் நீளம். மனப்பாடம் செய்து ஒப்பித்ததில்லை. கையிலிருக்கும் துண்டுகளைக் கொண்டு சொல்லும்போதே தைத்தது. பாரி 1935 டிசம்பரில் முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார்.

16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது முதலில் காவியத்தின் ஒரு பகுதி என்ற பொருளோடு மரியாதையாகத்தான் வந்தது. சீக்கிரமே அது கெட்டுப்போயிற்று. தைத்தது என்றால் ஒட்டுப்போட்டது, ஒட்டுப்போட்டது என்றால் ஒன்றுக்கொன்று சேராதது. இங்கொன்றும் அங்கொன்றும் எடுத்துக் கோத்த கதம்பத்துக்கெல்லாம் ராப்சடி என்று பெயர் விழுந்தது. இந்தப் பொருளில் நான் ஒரு தடவை விழுந்து எழுந்திருக்கிறேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் பாடம். மூன்றாம் அங்கத்தில் ஹாம்லெட் தன் தாயை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் காட்சி. நீ செய்த காரியம் இனிய சமய நெறியையே ஒரு சொற்களின் ராப்சடியாக்கிவிட்டது என்கிறான். தேர்வில் நான் 'சமயத்தைச் சொற்களின் பேரின்பமாக்கிவிட்டாய்' என்று விளக்கம் எழுதி, தாயும் மகனும் ஆன்மிகம் பேசுவதாக ஒன்றரைப் பக்கம் வளர்த்தேன். வளர்பிறைதான்! அவன் சொன்னது நேர் எதிர். பொருளில்லாத சொல்குப்பையாக்கிவிட்டாயே என்று திட்டுகிறான். ஒற்றைச் சிவப்புக் கோடு, பூஜ்யம்.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதியிலும் இதுதான் இருக்கிறது: அவசியமான சார்போ இயல்பான தொடர்போ இல்லாமல் ஒன்றாகச் சேர்த்த பகுதிகள். உற்சாகம், பொங்கல், வழிதல் எதுவும் இல்லை. 1733இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கவிதைத் தொழிலைக் கிண்டலடித்து எழுதிய செய்யுளுக்கு ராப்சடி என்று பெயர் வைத்ததும் இந்தக் காற்றில்தான்.

அப்படியானால் ஒட்டுத்துணி எப்போது உணர்ச்சிவெள்ளமாயிற்று? அந்தப் பொருளும் 17ஆம் நூற்றாண்டிலேயே பக்கத்தில் முளைத்துவிட்டது, இரண்டும் வெகுகாலம் கூடவே நடந்தன. எனக்கு அதில் பெரிய புதிர் தெரியவில்லை. உணர்ச்சி மீறிப் பேசுகிறவரின் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். காப்பியின் மணத்தில் ஆரம்பித்துப் பாட்டி வீட்டு முற்றத்துக்குப் போய், மழைக்குத் தாவி, மறுபடி காப்பிக்கு வருவார். இடையில் தர்க்கம் எதுவும் கிடையாது, துண்டும் துண்டும்தான். கோவையில்லாத பேச்சு என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், கோவை ஏன் அறுந்தது என்று பார்க்க ஆரம்பித்தபோது சொல் இந்தப் பக்கம் சாய்ந்தது. அகராதி இதை இப்படிச் சொல்லாது, இது என் ஊகம்.

அப்புறம் இசைக்காரர்கள் வந்து சொல்லைக் காப்பாற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில், கட்டுப்பாடான வடிவம் இல்லாமல் மனம்போனபடி போகும் இசைக்கோவைக்கு ராப்சடி என்று பெயர் வைத்தார்கள். இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதிய ஹங்கேரிய ராப்சடிகள் பத்தொன்பது. அதில் இரண்டாவதை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். டாம் கோட்டுப் போட்டுக்கொண்டு பியானோ வாசிக்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்து சுத்தியல்களோடு மல்லுக்கட்டும் படம் நினைவிருக்கிறதா? ஆஸ்கர் வாங்கிய கார்ட்டூன் அது. முதலில் இழுத்து இழுத்து வாசிக்கிற சோகம், பிறகு தலைதெறிக்கிற வேகம். ஹங்கேரியில் அந்த இரண்டு பாதிக்கும் லாஷான், ஃப்ரிஷ்கா என்று தனித்தனிப் பெயரே உண்டு. என் முதல் ராப்சடி அதுதான், எலியின் கைவரிசையில்.

ஆனால் சொல்லின் இரண்டு முகத்தையும் ஒரே இடத்தில் காட்டுவது அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ'. 1924 ஜனவரி தொடக்கத்தில், நியூயார்க்கில் கெர்ஷ்வின் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார், வயது இருபத்தைந்து. அண்ணன் ஐரா செய்தித்தாளைப் படித்துக் காட்டுகிறார்: பால் வைட்மன் இசைக்குழுவின் கச்சேரிக்கு ஜார்ஜ் கெர்ஷ்வின் ஒரு ஜாஸ் கான்செர்ட்டோ எழுதிக்கொண்டிருக்கிறாராம். எழுதுகிறவருக்கே அது செய்தி. கச்சேரி பிப்ரவரி 12. பாஸ்டனுக்கு ரயிலில் போகும்போது சக்கரச் சத்தத்தில் முழு அமைப்பும் தனக்குக் கேட்டுவிட்டது என்று அவர் பின்னால் சொன்னார். 'அமெரிக்க ராப்சடி' என்றிருந்த தலைப்பை மாற்றச் சொன்னவரும் ஐராதான். விஸ்லரின் ஓவியங்களுக்கு நிறங்களை வைத்துப் பெயரிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நேரம் போதவில்லை. வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலையை ஃபெர்டி க்ரோஃபே செய்தார். தொடக்கத்தில் கிளாரினெட் ஊளையிட்டபடி மேலேறுமே, அது தாளில் தனித்தனி ஸ்வரங்களாக இருந்தது. ஒத்திகையில் ராஸ் கோர்மன் விளையாட்டுக்காக வழுக்கி வாசிக்க, அப்படியே இருக்கட்டும், இன்னும் ஊளையிடு என்றார் கெர்ஷ்வின். பியானோவின் தனி ஆவர்த்தனப் பகுதி ஒன்று கச்சேரி அன்றுகூட எழுதப்படவில்லை. நடத்துனரின் தாளில் அந்த இடத்தில், நான் தலையாட்டும்வரை காத்திருங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது.

1955இல் இசை நடத்துனர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஒரு கட்டுரையில் இதைப் பிடித்துக்கொண்டார். இது ஓர் இசையாக்கமே இல்லை, தனித்தனிப் பத்திகளைத் தண்ணீரில் கரைத்த மாவுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள் என்றார். எதை எடுத்தாலும் எதை முன்பின் மாற்றினாலும் ஒன்றும் ஆகாதாம். ஜான்சன் அகராதியில் சொன்ன அதே குற்றச்சாட்டு, இருநூறு வருடம் கழித்து. நம் ஊர்ச் சுவரொட்டிக்காரர் வாளியில் கரைத்துக்கொண்டு வரும் மைதாப் பசைதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பத்திகளின் ராகங்கள் அபாரமானவை என்றும் அதே கட்டுரை ஒத்துக்கொள்கிறது. அப்படிச் சொன்னவரே 1959இல் தானே பியானோ வாசித்து, குழுவையும் தானே நடத்தி அதைப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள், பசை எங்கேயும் வெளியே தெரியாது.

குவீன் என்ற ராக் இசைக்குழுவின் 1975ஆம் வருடத்து 'பொஹிமியன் ராப்சடி' பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. யூடியூபில் அதைப் பற்றி ராப்சடைஸ் செய்யாதவர் பாக்கியில்லை. மெல்லிய பாட்டு, கிடார், ஓபரா, ராக் என்று ஆறு நிமிடத்துக்குள் நாலைந்து துணி. ஓபராப் பகுதிக்குக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி வந்து இன்னும் ஒரு 'கலிலியோ' வேண்டும் என்று கேட்கக் கேட்க, இன்னொரு துண்டு நாடாவைச் சுருளில் ஒட்டிச் சேர்த்துக்கொண்டே போனதாகத் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் சொல்லியிருக்கிறார். அயோனுக்குப் புரிந்திருக்கும்.

இத்தனையும் படித்துவிட்டு மறுபடி அத்தையிடம் வந்தேன். மார்மலேடு இன்னும் மேசையில் இருந்தது.

கிரேக்கர்கள் தைத்தார்கள் என்றால் நாம் கட்டினோம், தொடுத்தோம். யாப்பு என்றாலே கட்டுதல். எதுகை மோனையெல்லாம் தொடை, பூத்தொடுப்பது போல. நன்னூல் இன்னும் ஒரு படி போய் நூல் நூற்கவே உட்கார்ந்துவிடுகிறது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். ராப்சடிக்குப் பக்கத்தில் நிற்கிற சிற்றிலக்கியமும் ஒன்று உண்டு: பலவகை உறுப்புகளைக் கலந்து பாடும் கலம்பகம். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. 'அத்தை மார்மலேடுக் கலம்பகம் பாடினார்.' தமிழாசிரியர்கள் மட்டும் சிரிப்பார்கள். அதுவும் பணி ஓய்வு பெற்றவர்கள்.

'சிலாகித்தார்' என்றால் அளவு குறைகிறது. 'ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்' சரிதான், ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டு ஆகா, ஒரு ஓகோ. 'உருகி உருகிச் சொன்னார்' என்றால் கேலி போய்விடுகிறது. 'புகழ்ந்து தள்ளினார்' கிட்டத்தட்ட வந்துவிட்டது, வளர்பிறைதான் இல்லை.

சாயங்காலம் அம்மா தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வந்தவர் கால்நீட்டி உட்கார்ந்து, "உங்க சித்திதான். மருமக வாங்கிக் குடுத்த மிக்சி பொராணத்த ஆரம்பிச்சுட்டா. அர மணி நேரம்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

காவியத்தைக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து நாள்கணக்கில் சொல்வார்கள். அதற்குப் புராணம் படிப்பது என்று பெயர். அந்தச் சொல் தெருவுக்கு இறங்கி வந்தபோது, ஒருவர் ஒரே விஷயத்தை விடாமல் மேலே மேலே ஏற்றிச் சொல்வதெல்லாம் புராணமாயிற்று. சித்திக்கு மிக்சி நிஜமாகவே பிடித்திருக்கிறது. கேட்டவருக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது. இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கிரேக்கத்து மேடையிலிருந்து ஆங்கிலேயச் சாப்பாட்டு மேசைக்கு ராப்சடி நடந்த அதே தூரத்தை, புராணம் நம் மண்டபத்திலிருந்து மிக்சி வரை தானாகவே நடந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியாமலே.

கோப்பைத் திறந்து பரவசத்தை அழித்தேன். "ஒரு கடி கடித்ததுதான் தாமதம், அத்தை மார்மலேடு புராணம் பாடத் தொடங்கிவிட்டார்" என்று போட்டு, ஊருக்குப் பேருந்து கிளம்புவதற்குள் அனுப்பிவிட்டேன்.

ராத்திரி அவிநாசி தாண்டும்போது அக்காவிடமிருந்து பதில் வந்தது. "இது சரி. ஆனா மார்மலேடுன்னா என்னன்னு ஒரு அடிக்குறிப்பு போடுப்பா. சுருக்கமா. புராணம் வேண்டாம்."